காலி அட்டை கேட்பவள்

எங்கள் குடியிருப்பில், மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கத்தரி அக்கா என்பார்கள். கழுத்தில் கறுப்பு நாடாவில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் தொங்கும். அதைக் கொண்டு அவள் துணி வெட்டியதைவிட மாத்திரை அட்டை வெட்டியதுதான் அதிகம். அவளைப் பற்றி எழுதுங்கள் எழுதுங்கள் என்று மூன்றாம் மாடி ஆட்டோக்காரர் என் உயிரை எடுக்கிறார். சரி, எழுதுகிறேன். ஆனால் புகழ்ந்து தள்ளுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அது எனக்கு வராது.

நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். தூங்குகிற மாதிரி நடிப்பவனைத் தட்டி எழுப்பி, ஜன்னலில் வேடிக்கை பார்ப்பவனைக் கையை விரிக்கச் சொல்லி, பையில் தேடுகிறேன் பேர்வழி என்று அடுத்த நிறுத்தம் வரை இழுத்தடிப்பவனை நடு ரோட்டில் இறக்கிவிட்டே காலத்தை ஓட்டியவன். மனிதன் என்று ஒருவன் எதிரே வந்தால், இவனிடம் டிக்கெட் இருக்காது என்றுதான் ஆரம்பிப்பேன். இருந்தால் சந்தோஷம். இதனால் எனக்குச் சிநேகிதர்கள் குறைவு. இந்த உலகத்தில் நான் டிக்கெட் கேட்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரி. அவள் ஒன்று சொன்னால் அதோடு சரி, நான் மேலே ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. எனக்கு லேசுதான். அவளுக்கு அப்படியில்லை. ஒருமுறை குளியலறை வாசலில் கண் இருட்டி விழுந்தாள். "மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாதும்மா. விட்டா தலையிலயோ கண்ணுலயோ ரத்தக் குழாய் வெடிக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழுது புண்ணியம் இல்ல" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு பயம்தான். அந்தச் சமயம் பார்த்து எங்கள் போக்குவரத்து அலுவலகம் நஷ்டம் என்று சொல்லி ஓய்வூதியத்தில் பாதியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. வாடகை கொடுத்து, அரிசி வாங்கினால் கை காலி. இருந்தாலும் நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: எதைக் குறைத்தாலும் மாத்திரையைக் குறைக்காதே, பெரிய மெடிக்கலில், மூடி போட்ட வெள்ளை டப்பாவில் வருவதை, பில்லோடு வாங்கு. அவளும் தலையாட்டினாள்.

தினமும் காலையில் பல் துலக்கிவிட்டு வந்தால், அந்த வெள்ளை டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையைத் தட்டி என் கையில் போட்டு, தண்ணீர் டம்ளரை நீட்டுவாள். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் மாத்திரை தொண்டையில் இறங்கியிருக்கும்.

இப்போது கத்தரிக்கு வருகிறேன். அவள் செய்கிற காரியத்தை எனக்கு முதலில் விளக்கியவர் ஆட்டோக்காரர். அவருக்குச் சர்க்கரை. அவர் தினமும் போடுகிற மாத்திரை பெரிய மெடிக்கலில் ஒரு விலை. ஊரின் அந்தக் கோடியில், ஆஸ்பத்திரி பின்பக்கம் இருக்கிற சின்னக் கடையில், வேறு கம்பெனி பெயரில் அதே மருந்து கால்வாசி விலை. பெட்டியாக எடுத்தால் இன்னும் குறைவு. ஆனால் ஒரு ஆளுக்கு எதற்குப் பெட்டி? இரண்டு பஸ் மாறிப் போனால் மிச்சப்பட்டது போக்குவரத்துக்கே சரியாகிவிடும். அதனால் கத்தரி ஒரே மருந்து சாப்பிடுகிறவர்களைச் சேர்த்துப் பிடிப்பாள். சுகாதார நிலையத்து டாக்டரிடம் அவரவரைக் கூட்டிப்போய், கம்பெனி பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரை மட்டும் எழுதி வாங்குவாள். பெட்டியாக வாங்கி வந்து, கத்தரியால் அட்டைகளை வெட்டிப் பங்கு போடுவாள். யாருடைய பங்கு என்று அடையாளத்துக்கு அட்டையின் மூலையில் ஒரு வண்ண நூல். ஊசியால் குத்தி ஒரு முடிச்சு. ஆட்டோக்காரருக்கு மஞ்சள்.

"இதுல அந்தம்மாவுக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கிடைக்கல சார்."

"ஒண்ணும் கிடைக்காம ஒருத்தி ரெண்டு பஸ் ஏறுவாளா? என்னைப் பார்த்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?"

அவர் பதில் சொல்லாமல் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனார். பதில் இல்லாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் எதையாவது கிளப்பிக்கொண்டு போவார்கள்.

முதல் சந்தேகம் தேதி. ஆட்டோக்காரர் கையில் இருந்த துண்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதித் தேதி எங்கேயும் இல்லை. நேரே படிக்குக் கீழே போய், "ஏம்மா, தேதி இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை ஊருக்குக் குடுக்கறியா?" என்று சத்தம் போட்டேன். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை. மிதித்துக்கொண்டே காலால் ஒரு தகரப் பெட்டியைத் தள்ளினாள். அதில் தேதி போட்ட முனைகள் எல்லாம் பெட்டிவாரியாகத் ஊக்கில் கோத்து வைக்கப்பட்டிருந்தன. கடை பில்லும் கூடவே இருந்தது.

"தேதி ஒரு முனையிலதான் அடிக்கிறான் அண்ணே. அந்த முனையை யாருக்குக் குடுத்தாலும் மத்தவங்க சண்டைக்கு வருவாங்க. அதான் என்கிட்ட. வந்து பார்த்துக்கலாம்."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. இவ்வளவு ஒழுங்காக யார் டிக்கெட் வைத்திருப்பார்கள்? கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுகிறவனைத்தான் நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

ஒருநாள் அவள் மருந்து வாங்கப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். பஸ்ஸில் கடைசி சீட்டில் ஒரு பருத்த ஆளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி வழியில் அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அங்கிருந்து எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து பிடிச்சுக்கப் போகுது. முன்னாடி சீட் காலியா இருக்கு, வாங்க."

மானமே போயிற்று. முன் சீட்டுக்குப் போனேன். கடை வரைக்கும் அவளோடு போனேன். கடைக்காரரிடம் பேரம் பேசி, பெட்டிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேதி கிட்டத்தில் இருந்த ஒன்றை மாற்றி வாங்கினாள். கடைக்காரர், "இந்தம்மா என்னை நம்பவே மாட்டாங்க சார்" என்று என்னிடம் புகார் சொன்னார். ஒரு நிமிஷம் அவள்மேல் ஏதோ ஒட்டுதல் வந்த மாதிரி இருந்தது. உடனே விழித்துக்கொண்டேன். என்னை மயக்கத்தான் இத்தனை நாடகமும் என்று தோன்றியது.

பெரிய சந்தேகம் பிறகுதான் வந்தது. காலி அட்டை.

புது மாத்திரை வேண்டுமென்றால் பழைய காலி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது அவள் சட்டம். தொலைத்துவிட்டேன் என்றால் விடமாட்டாள். "தேடிப் பாருங்க, குப்பையில பாருங்க, இல்லாட்டி நான் வந்து பார்க்கிறேன்" என்பாள். ஆட்டோக்காரர் ஒருமுறை சீட்டுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கித் தேடிக்கொண்டிருந்தார். வாங்கிய அட்டைகளைத் துணிப்பையில் போட்டு வைத்து, பை நிறைந்ததும் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவாள். நான் கண்ணால் பார்த்தேன். அந்த வாரம்தான் போலி மருந்து பற்றிப் பத்திரிகையில் வந்திருந்தது. காலி அட்டை, காலி டப்பா எல்லாம் விலைக்கு வாங்கி, அதைப் பார்த்து அச்சு அசலாகப் போலி செய்கிறார்களாம். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி, இதற்குத்தானா!

அதோடு நில்லாமல் அவள் எங்கள் வீட்டுக்கும் வர ஆரம்பித்தாள். சும்மா வந்தேன் என்பாள். ஒருநாள் நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பினால், சமையலறை வாசலில் என் வீட்டுக்காரியை உட்கார வைத்து, கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது. அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"தலைவலி இருக்கா அண்ணி? காலையில எழுந்ததும் பின்மண்டை வலிக்குதா?"

"வயசானா எல்லாம்தான் வலிக்கும்" என்று என் வீட்டுக்காரி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மாத்திரை போடறீங்கல்ல?"

"போடாம? தினம் போடறேன்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "என் பெண்டாட்டிக்குப் பெரிய மெடிக்கல்ல பில்லோட வாங்கிக் குடுக்கறேன்மா. உன் கடைச் சரக்கு இந்த வீட்டுக்குள்ள வராது. நீ கிளம்பு" என்றேன். கத்தரி எழுந்து, என்னை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். என் பார்வை அது. கையில் இருப்பது நேற்றைய டிக்கெட் என்று தெரிந்தும், அவனே சொல்லட்டும் என்று காத்திருப்பேனே, அந்தப் பார்வை. எங்களையா சந்தேகப்படுகிறாள்?

அன்று மாலையே என் வீட்டுக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். என்ன என்றேன். தெருவிளக்கைச் சுற்றிப் புகை மாதிரி தெரிகிறது என்றாள். தினம் மாத்திரை போட்டும் இப்படி ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று மட்டும் நிச்சயமாகத் தோன்றியது.

பங்கு போடுகிற நாள் வந்தது. படிக்குக் கீழே கூட்டம். அவரவர் கையில் காலி அட்டை. கத்தரியின் வீடும் அதை ஒட்டித்தான், கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் அவள் புருஷன் படுத்திருந்தார். மூட்டை தூக்கிய மனிதர், ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோய்க் கிடையாகக் கிடந்தார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. இந்தம்மா உங்ககிட்ட வாங்குற காலி அட்டையெல்லாம் எங்கே போகுதுன்னு யாராவது கேட்டீங்களா?"

நான் செய்தியை உரக்கப் படித்தேன். இரும்புக் கடைக்குப் போனதைச் சொன்னேன். ஆட்டோக்காரர் நெளிந்தார். கூட்டம் மெல்ல அவளைத் திரும்பிப் பார்த்தது. சந்தேகம் என்பது எப்படி ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்குத் தெம்பு வந்தது.

கத்தரி முதல் தடவையாக மெஷினை நிறுத்தினாள். துணிப்பையை எடுத்து, இஸ்திரி மேசைமேல் கவிழ்த்தாள்.

"இரும்புக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் நான் பொடிப்பொடியா வெட்டித்தான் போடறேன். வேணும்னா அந்த இரும்புக் கடைக்காரர்கிட்ட கேளுங்க. ஆனா வெட்டறதுக்கு முன்னாடி பார்ப்பேன். முழுங்கினாங்களா இல்லையான்னு பார்ப்பேன்."

"முழுங்காம?"

அவள் உள்ளே கட்டிலைக் காட்டினாள். "அவர் முழுங்கல. மாத்திரை சீக்கிரம் தீர்ந்துட்டா மறுபடி வாங்கணுமேன்னு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார். எனக்குச் செலவு வைக்கக் கூடாதாம். கேட்டா தினம் போடறேன்னு சொன்னார். நானும் நம்பினேன். விழுந்தப்புறம் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில பாதி மாத்திரை அப்படியே இருந்துச்சு." மேசைமேல் கிடந்த அட்டைகளைக் கோபமாக என் பக்கம் தள்ளினாள். "இல்லாத வீட்டுல மாத்திரையைப் பத்தி எவனும் நிஜம் சொல்லமாட்டான் அண்ணே. அதான் நான் யாரையும் நம்புறதில்ல. நீங்க சோதிக்கிற ஆள்தானே? வாங்க, நீங்களே சோதிங்க."

ரேடியோ சத்தம் நின்றது. கட்டிலில் இருந்தவர் இடது கையால் அதை அணைத்திருந்தார்.

விடுவேனா? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன சொல்லட்டும், வேலையை விட்ட பிறகு அன்றுதான் எனக்குக் கை துறுதுறுத்தது. அட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். ஆட்டோக்காரருடையது சட்டைப்பையில் கிடந்து நான்காக மடிந்து, பீடிப் பொடி ஏறியிருந்தது. ஒரு அட்டையில் எண்ணெய் விரல். ஒன்றைக் குழந்தை கடித்திருந்தது. குழிகளின் காகிதம் ஒன்று ஒரு பக்கம் கிழிந்திருந்தால், இன்னொன்று வேறு பக்கம். தினம் ஒன்று, தினம் ஒரு அவசரம். முன்னால் உடைத்த குழியின் ஓரம் கறுத்திருக்கும், கடைசியில் உடைத்தது பளபளக்கும். நாலு நாள் பையில் கிடந்த டிக்கெட்டும் அன்றே கிழித்த டிக்கெட்டும் ஒன்றாகவா இருக்கும்?

பிறகு ஒரு அட்டை கைக்கு வந்தது. தகடு மாதிரி நேராக இருந்தது. மடிப்பு இல்லை, அழுக்கு இல்லை. எல்லாக் குழிகளும் ஒரே நகத்தால், ஒரே பக்கமாக, வரிசையாகக் கிழிந்திருந்தன. எல்லா ஓரமும் ஒரே மாதிரி பளபளத்தது.

"மாட்டிக்கிட்டியா!" என்று மேசையைத் தட்டினேன். "இது ஒரே உட்காரல்ல உடைச்சது. இதுல இருந்த மாத்திரையை எவரும் தினமும் ஒண்ணா முழுங்கல. நீயே உடைச்சுக் கொட்டி வேற எங்கயோ விக்கிற. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்!"

கத்தரிக்கு முகம் மாறியது. ஆனால் பயந்த முகம் அல்ல. கையை நீட்டினாள்.

"அதைக் குடுங்க அண்ணே. அதை நான் தனியா விசாரிச்சுக்கறேன்."

"தனியா என்ன விசாரணை? எல்லார் முன்னாடியும் சொல்லு. இது யாரோடது?"

"வேண்டாம். சொன்னா கேளுங்க."

"நூல் பச்சை" என்றார் ஆட்டோக்காரர், எட்டிப் பார்த்து. "பச்சை யாருக்கு அக்கா?"

அவள் அட்டையை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தாள். நான் அட்டையைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். "பச்சை யாரு? கையைத் தூக்குங்க!" என்று, பஸ்ஸில் கத்துகிற மாதிரியே கத்தினேன்.

"எனக்குத்தாங்க" என்று மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

என் வீட்டுக்காரி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீயா? நீ எதுக்கு இவகிட்ட வாங்கற? சரி, இதுல இருந்த மாத்திரை எங்கே?"

"உங்க வயித்துல."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார்.

"பெரிய மெடிக்கல்ல வாங்க எங்கேங்க முடியுது? பாதிப் பணம் வர ஆரம்பிச்சதிலேர்ந்தே முடியல. இங்க வாங்கினா நீங்க தொடமாட்டீங்க. பெரிய மெடிக்கல் டப்பா பழசு இருந்துச்சு. எல்லாத்தையும் உடைச்சு அதுல கொட்டிக் குடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, பெரிய தப்பு செய்தவள் மாதிரி, "உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு? போன வாரம்கூட அளந்து பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னாங்களே" என்றாள்.

"உனக்கு?"

அவள் கைப்பிடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

"உனக்கு எங்கேடி?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரல் மாதிரியோ கேட்டது.

"ஒருத்தருக்குத்தாங்க காசு இருந்துச்சு" என்றாள்.

கத்தரி அதற்குள் படியேறிப் போய் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். "எனக்கு அப்பவே சந்தேகம் அண்ணி. அட்டை அத்தனை சுத்தமா எப்படி இருக்கும்? கால் வேற வீங்கியிருக்கு. மாத்திரை உங்க வயித்துக்குள்ள போகலன்னு தெரியும், எங்க போகுதுன்னுதான் தெரியல. நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். இந்த வாரம் வரைக்கும் காத்திருந்திருக்கக் கூடாது, போன வாரமே உங்களை இழுத்துட்டுப் போயிருக்கணும்." ஆட்டோக்காரரைப் பார்த்து, "என்ன நிக்கறீங்க? வண்டியை எடுங்க!" என்றாள்.

சுகாதார நிலையத்தில் அளந்து பார்த்த நர்ஸ், கருவி கெட்டுப்போயிற்று என்று இன்னொரு கருவி கொண்டுவரச் சொன்னாள். அதுவும் அதையேதான் காட்டியது. இரண்டு நாள் அங்கேயே படுக்க வைத்தார்கள். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கண்ணின் உள்ளே மட்டும் ரத்தக் குழாய் கசிந்திருந்தது. புகை புகை என்றாளே, அது புகை அல்ல. அந்தக் கண்ணின் ஓரத்தில் ஒரு நிழல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எங்கே வெடித்திருக்குமோ தெரியாது என்றார் டாக்டர். என்னையும் சோதித்தார். நான் போலி போலி என்று தொண்டை கிழியக் கத்திய மாத்திரையில் எனக்கு எல்லாம் கச்சிதமாக இருந்தது.

கத்தரியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக ஆட்டோக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பொய். நான் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. நான் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு? மோசடி நடக்கிறது என்றேன், நடந்துகொண்டுதான் இருந்தது. ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் படிக்குக் கீழே போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். துணிப்பையை மடியில் போட்டாள். "எனக்கு ராத்திரியில கண்ணு தெரியல அண்ணே. இனிமே நீங்க பாருங்க" என்றாள். அப்போதிலிருந்து காலி அட்டை பார்ப்பது என் வேலை. ஒரு அட்டை சுத்தமாக வந்தால் போதும், அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிடுவேன். இந்த ஆளுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று இரண்டாம் மாடியில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும், நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

பத்திரிகையை நிறுத்திய காசில் வீட்டில் இப்போது இரண்டு அட்டை. எனக்குப் பச்சை நூல், அவளுக்குச் சிவப்பு. காலையில் முதலில் அவளுக்கு. நான்தான் உடைத்துக் கையில் போடுவேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு எதிரே உட்காருவேன். அவள் தண்ணீர் குடித்ததும், "வாயைத் திற" என்பேன். முதல் நாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்மேலயே சந்தேகமா?"

"ஆமா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நிழல் விழுந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷத்துல இப்பத்தாங்க நீங்க என்னை ஒரு தடவை கேட்டிருக்கீங்க" என்றாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன்.